வெறுஞ்சுவரும் நமது தறித்துணியும்

பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்பது தமிழர் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். வெள்ளையடித்து முடித்த பின் அந்தச் சுவரில் எதைத் தொங்கவிடுவது என்ற கேள்விக்கு மட்டும் நம்மில் பெரும்பாலோர் விடை தேடுவதில்லை. மளிகைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த காலண்டர் ஒன்று, மறைந்த பெரியவர் ஒருவரின் புகைப்படம், மின்சாரக் கம்பி ஓடும் குழாய் ஆகியவற்றோடு சுவர் நின்றுவிடுகிறது. வீட்டு அலங்காரம் பணமுள்ளோர் காரியம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என்று கருதுகிறோம். இவ்வெண்ணம் தவறானது. இத்தவறினால் நட்டம் அடைபவர் அவ்வீட்டார் மட்டுமல்லர். தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் நமது உறுப்பினருந்தாம்.

நெசவாளருக்கும் பயிர்த்தொழில் புரிவோருக்கும் உரிய இப்பத்திரிகையில் வடசென்னையின் கொடுங்கையூரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நாம் உண்டாக்கும் பொருளை வாங்கக்கூடிய எளிய மக்கள் பல்லாயிரவர் இத்தகைய இடங்களிலேதான் வாழ்கின்றனர் என்பதே நமது விடை. மேலும், ஒரு பொருள் சுவருக்கு ஏற்றதா அன்றா என்று சோதித்துப் பார்க்கக் கொடுங்கையூரைவிடக் கடுமையான தேர்வுக்களம் கிடைப்பது அரிது. சென்னை மாநகராட்சியின் பெரிய குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகளாக இங்கே இருக்கிறது. தேங்கிய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணி இப்போது நடைபெறுகிறதெனினும், கோடையில் அங்கே தீப்பற்றினால் புகை தெருத்தெருவாக நுழைவதை இப்பகுதியினர் நன்கு அறிவர். வடகிழக்கே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதற்கும் அப்பால் எண்ணூர் வட்டாரத்து அனல் மின் நிலையங்கள். கிழக்கே துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் கனரக லாரிகளின் வரிசை. கடற்காற்றின் உப்பு வேறு. இவையனைத்தும் சேர்ந்து வெள்ளையடித்த சுவரை ஓராண்டுக்குள் சாம்பல் நிறமாக்கிவிடுகின்றன.

ஆகவே கொடுங்கையூர் வீட்டுச் சுவருக்கு முதல் விதி ஒன்றுண்டு. அங்கே வைக்கும் பொருள் எதுவாயினும், அதைக் கழற்றித் துவைக்கவோ துடைக்கவோ முடிய வேண்டும். சுவரிலேயே ஒட்டும் காகிதமும் ஒட்டுப்படமும் இவ்விதிக்கு ஒத்துவரமாட்டா. ஒட்டுப்படத்தை உரிக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்தே வருகிறது. சிலர் ஈரம் கசியும் சுவரை மறைக்கப் பழைய விளம்பரப் பதாகையை, அதாவது ஃபிளெக்ஸ் என்று சொல்லப்படும் பிளாஸ்டிக் விரிப்பை, ஆணியடித்து மாட்டுகின்றனர். கண்ணுக்கு மறைந்தாலும் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. குழந்தைகள் உறங்கும் அறையில் இது நல்லதன்று. தூசும் உப்பும் ஈரமும் உள்ள இடத்துக்கு மிகப் பொருத்தமான சுவரணி பருத்தித் துணியே ஆகும். மாதம் ஒருமுறை இறக்கி, அலசி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் மாட்டலாம். பழுதானால் அடுப்படித் துணியாகும், அப்போதும் வீணாவதில்லை.

துணியைச் சுவரில் மாட்டுவது ஏதோ புதுமை என்று யாரும் எண்ண வேண்டா. 1663ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் மாநகரில் கடற்படை அலுவலகத்தில் பணி புரிந்த சாமுவேல் பீப்பிஸ் என்பவர், தம் மனைவியாரின் புதிய வாசிப்பறைச் சுவர்களை மூடுவதற்காக இந்தியச் சித்திரத் துணி வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சென்ற இத்துணிகள் ஐரோப்பிய வீடுகளில் சுவர்த் திரைகளாகவும் கட்டில் திரைகளாகவும் தொங்கின. அவை விற்ற வேகத்தைக் கண்டு அங்குள்ள நெசவாளர் கூக்குரலிட்டனர். பிரான்சு 1686 முதல் 1759 வரை இவற்றைத் தடை செய்து வைத்திருந்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1700இல் ஒரு சட்டமும் 1721இல் அதனினும் கடுமையான மற்றொரு சட்டமும் இயற்றிற்று. பின்னைய சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதை மட்டுமின்றி, வீட்டுச் சாமான்களுக்குப் பயன்படுத்துவதையும் தடுத்தது. ஒரு நாட்டார் தம் வீட்டுச் சுவரில் என்ன மாட்டலாம் என்பதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டிய அளவுக்கு நம் துணிக்கு மவுசு இருந்தது!

அக்காலத்து வணிகத்தின் சுவடு கொடுங்கையூருக்கு அருகிலேயே இன்றும் இருக்கிறது. திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என வழங்கும் இடம், 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய ஊர். காலெட் பேட்டை என்பதே மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734இல் இவ்வாறே நூற்போருக்கும் நெய்வோருக்குமாகச் சிந்தாதிரிப்பேட்டை அமைந்தது. வடக்கே பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிகள் கடல் கடந்து சென்றன. மதராஸ் கைக்குட்டை என்று பெயர் பெற்ற கட்டத் துணியோ மேற்கு ஆப்பிரிக்காவில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் உரிய மதிப்புள்ள ஆடையாயிற்று. இவ்வளவும் இந்தக் கரையிலிருந்தே கப்பலேறின. ஏற்றுமதியான துணியில் ஒரு முழமாவது நெய்தவன் வீட்டுச் சுவரில் தங்கியிருக்குமா என்று எண்ணிப் பார்த்தால், தங்கியிருக்க நியாயமில்லை என்றே தோன்றுகிறது. கூலிக்கு நெய்தவனுக்குத் துணி சொந்தமன்று. இன்று கூட்டுறவில் தறியும் நூலும் சந்தையும் நமது பொறுப்பில் இருக்கும்போதும் அந்த நிலை நீடிப்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

இனி, செய்முறையைப் பார்ப்போம். ஒரு வீட்டில் நான்கு சுவரையும் அலங்கரிக்க முற்படுவது வீண் செலவு. வாயிலில் நுழைந்ததும் கண்ணில் படும் ஒரு சுவர் போதும். சில வீட்டு உரிமையாளர்கள் ஆணியடிக்க இசைவதில்லை. வாரியக் குடியிருப்புகளின் கான்கிரீட் சுவரில் சாதாரண ஆணி இறங்குவதுமில்லை. இதற்கு ஒரு வழி, கூரைக்கு ஒரு முழம் கீழே சுவரின் நீளத்துக்கு மெல்லிய மரச்சட்டம் ஒன்றை மூன்றே இடங்களில் துளையிட்டுத் திருகாணியால் பொருத்திவிடுவது. தச்சருக்கு அரை மணி நேர வேலை. அதன் பின் துணியோ படமோ பாயோ எதுவாயினும் அச்சட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கும். சுவரில் வேறு துளை வேண்டியதில்லை. வீடு மாறும்போது சட்டத்தையும் கழற்றி எடுத்துப் போகலாம். சட்டத்துக்கான மரம் காயலான் கடையில் பழைய சன்னல் கட்டையாகவே கிடைக்கும்.

துணி என்றதும் பட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2 மீட்டர் நீளக் கைத்தறி லுங்கி ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஏறக்குறையச் சதுரமான இரு துண்டுகள் கிடைக்கும். மேலும் கீழும் இரண்டு விரற்கடை மடித்துத் தைத்து, மடிப்புக்குள் மூங்கிற்குச்சி நுழைத்தால் துணி சுருங்காமல் நேராக நிற்கும். ஈரிழைத் துண்டும் அவ்வாறே. பவானி ஜமக்காளத்தின் சிறிய அளவு ஒன்றைச் சுவரில் மாட்டிப் பாருங்கள். தரையில் விரித்தபோது நாம் கவனியாத அதன் வண்ணப் பட்டைகள் அப்போது கண்ணை நிறைக்கும். இவற்றினும் சிறந்தது நம் பெட்டியிலேயே இருக்கிறது. உடல் நைந்துபோன பழைய சேலைகளில் முந்தானையும் கரையும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். முந்தானையை மட்டும் வெட்டி, பின்னால் பழைய வேட்டித் துணியை வைத்துத் தைத்து மாட்டினால் அதற்கு ஈடான சுவரணி கடையில் இல்லை. பாட்டியின் சேலை பேத்தியின் கண்முன் இருக்கும். பாத்திரக்காரனுக்குப் போட்டுப் பிளாஸ்டிக் வாளி வாங்குவதைவிட இது மேல் என்பது நமது அபிப்பிராயம்.

நெசவாளர் அறிந்ததே ஆயினும் வாங்குவோர் அறியாத சிலவற்றை இங்கே சொல்லுகிறோம். துணியை மாட்டுமுன் கஞ்சி முழுதும் போகும்படி அலச வேண்டும். கஞ்சியிருந்தால் பூச்சி அரிக்கும். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் எவ்வளவு நல்ல சாயமும் வெளிறும். சுவரோடு ஒட்டிக் கிடக்காமல், குச்சியின் இரு முனைகளிலும் பின்புறம் ஒரு தக்கைத் துண்டைக் கட்டிவிட்டால் காற்று உள்ளே நடமாடும், ஈரம் தங்காது. உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். சித்திரக் கூடங்களில் நிற்பவர் கண்மட்டத்துக்குப் படம் வைப்பார்கள். நம் வீடுகளிலோ பாயில் அமர்ந்துதான் உண்கிறோம், பேசுகிறோம், பிள்ளைகள் படிக்கின்றனர். அமர்ந்தவர் கண்ணுக்கு ஏற்பச் சற்றுத் தாழ்த்தி மாட்டுவதே நமக்கு முறை.

பயிர்த்தொழில் செய்யும் உறுப்பினருக்கும் இதில் பங்குண்டு. காவிரிக் கரையில் விளையும் கோரையில் நெய்த பாய், பத்தமடையின் மெல்லிய பாய், பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பின்னும் பொருள்கள், வெட்டிவேர்த் தட்டி முதலியன எல்லாம் சுவருக்கு ஏற்றவையே. ஆனால் ஓலையும் கோரையும் ஈரச்சுவரில் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த சுவருக்கே உரியவை. அறுவடைக் காலத்தில் நெற்கதிரைப் பின்னி வாயிலில் தொங்கவிடும் பழைய வழக்கம் நகரத்தில் மறைந்துவருகிறது. கதிர்க்கொத்து ஒன்றைச் சங்கத்தின் மூலம் விற்கலாம் என்று நாம் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். நகரத்து மக்கள் பிளாஸ்டிக் பூமாலைக்குக் கொடுக்கும் விலையை அவர்கள் அறியமாட்டார்கள் போலும்.

காலண்டரைப் பற்றி நாம் இகழ்ச்சியாக எதுவும் சொல்ல விரும்பவில்லை. ஏழை வீட்டுச் சுவருக்கு முதன்முதல் சித்திரத்தைக் கொண்டுவந்தது அதுவும் அதற்கு முன்னோடியான அச்சுப் படமுமே. 1894இல் இரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவியபின் அரண்மனையில் இருந்த ஓவியம் சில அணாக்களுக்குச் சாமானியர் வீட்டுக்கு வந்தது. அடுத்த தலைமுறையில் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களிலிருந்து தமிழ்நாடெங்கும் பரவின. அவர் 1976இல் மறைந்தார். அவர் பாணி இன்றும் நம் பூசையறைச் சுவர்களில் வாழ்கிறது. இது சிறிய காரியமன்று. நாம் வேண்டுவது இவ்வளவே: ஆண்டு முடிந்ததும், படம் நன்றாயிருந்தால், கீழேயுள்ள கடைப் பெயரை வெட்டி நீக்கிவிட்டுப் பழைய சட்டமொன்றில் போட்டு வைக்கலாம். ஐந்து கடைகளின் ஐந்து காலண்டர்களை ஒரே சுவரில் மாட்டி வைப்பது, கூலியின்றி விளம்பரம் செய்வதற்கு ஒப்பாகும். வடசென்னை வீடுகளில் அண்ணல் அம்பேத்கர், காமராசர், பெரியார், அண்ணா படங்களும் தொழிற்சங்கப் படங்களும் சுவரில் இருப்பதைக் காணலாம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே அன்றோ! பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டாலும் அங்கே உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் வீட்டில் ஆலை வாயிலில் எடுத்த குழுப் புகைப்படம் இருக்கக்கூடும். அத்தகைய படத்தைக் கறையான் அரிக்க விடாமல் கண்ணாடிச் சட்டத்தில் போடுவதும் அலங்காரமே. அதற்குச் செலவிடுவதை யாரும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

துணிக்கு முன் சுவர் நேராக வேண்டும் என்பதால் வெள்ளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாகாது; உலர்ந்த தூரிகையால் உதிர்த்துவிட வேண்டும். கசிவு எங்கிருந்து வருகிறதோ அதை முதலில் அடைக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் சேர்த்துத் தாளித்து, 24 மணி நேரம் ஊறவிட்டு, முரட்டுத் துணியில் வடிகட்டி, சிறிது கோந்தும் நீலமும் கலந்து அடித்தால் போதும். தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அண்டவிடக் கூடாது. சுண்ணாம்பு பூஞ்சையைத் தடுக்கும். சுவர் மூச்சு விடவும் இடங்கொடுக்கும். பழைய எண்ணெய்ச் சாயம் பூசிய சுவராயின் அதை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூளாக்க வேண்டா. வீட்டுச் சாயங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2016இல் பிறப்பிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சாயத்தில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அத்தூள் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்குக் கேடு.

வயிற்றுப்பாடே பெரும்பாடாயிருக்கும் வீட்டில் சுவர் அலங்காரம் எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது; அதைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. வாடகையும் அரிசியும் மருந்தும் முந்தியவை. ஆயினும் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் வாழும்போது அச்சுவர்களே அவர்களுக்குத் தோட்டமும் தெருவும் வானமும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று 2021இல் பெயர் மாறிய பழைய குடிசை மாற்று வாரியம், 1970 முதல் எத்தனையோ அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியிருக்கிறது. தென்சென்னையில் கண்ணகி நகரின் அடுக்குகளில் 2020இல் ஓவியர்கள் வந்து வெளிச்சுவர்களில் பெரும் பெரும் சித்திரங்கள் தீட்டினார்கள். சாலையில் செல்வோருக்கு அது அழகான காட்சி, குடியிருப்போருக்கும் பெருமைதான். உட்சுவரை அலங்கரிக்க எந்த ஓவியரும் வரப்போவதில்லை. அது வீட்டாரே தம் விருப்பப்படி செய்துகொள்ள வேண்டியது. அதற்கு எளிய விலையில் நல்ல பொருளை அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது நம் போன்ற சங்கங்களின் வேலை.

இங்கேதான் நமது சங்கங்களிடம் நமக்குள்ள குறை தொடங்குகிறது. எந்தச் சங்கக் கிடங்கிலும் மூன்று வகைத் துணி தேங்குவதுண்டு: பாவின் கடைசியில் மிஞ்சும் குறை நீளங்கள், இழையறுந்தோ சாயம் பிசகியோ பழுது விழுந்தவை, காலங்கடந்த பழைய மாதிரிகள். பழுதுக்காக நெசவாளரின் கூலியில் பிடித்தம் செய்யும் வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. கூலியைப் பிடித்த பின் அத்துணியைக் கிடங்கில் மட்க விடுவதும், பிறகு கழிவுத் துணி வியாபாரிக்கு எடைக்குப் போடுவதும் இரட்டை நட்டம். உடுத்தும் துணியில் கண்ணை உறுத்தும் ஓர் இழைப்பழுது, சுவரில் தொங்கும் துணியில் யார் கண்ணுக்கும் தெரியாது. குறை நீளம் சுவருக்குக் குறையே அன்று, சரியான அளவு. இவற்றைச் சுவர்த்துணி என்ற பெயரில் மடித்துத் தைத்து, மூங்கிற்குச்சியும் கயிறும் சேர்த்துக் கட்டாக விற்றால் என்ன? தையல் வேலை சங்கத்துப் பெண்களுக்குக் கிடைக்கும். வாங்குவோருக்குக் கட்டின் விலை 300 ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்பது நமது யோசனை. விற்ற பணத்திலிருந்து முதலில், பிடித்த கூலியை நெசவாளருக்குத் திருப்பித் தர வேண்டும். எஞ்சியதே சங்கக் கணக்கில் சேர வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இல்லாவிடில் இத்திட்டத்தை நாம் ஆதரிக்கமாட்டோம்.

சித்திரம் வரைவோர் கூடி உழைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக் கலைஞர்கள், ஓவியம் விற்காத நாட்களில் துணியில் மெழுகுச் சாயமிடும் பாத்திக் வேலை செய்து விற்றே காலந்தள்ளினர். சுவரில் மாட்டும் துணி கலைஞருக்குச் சோறு போட்டதாயின் நெசவாளருக்கும் போடும்.

மற்றொரு குறையும் உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 11 வகைகளில் துண்டும் லுங்கியும் ஜமக்காளமும் அடங்கும். ஆயினும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதைக் கடைவீதியில் காண்கிறோம். 2006இல் வந்த கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கும் வழக்கம் வாங்குவோரிடம் இல்லை. முத்திரையை ஒட்டி அனுப்பும் அக்கறை சில சங்கங்களிடமும் இல்லை. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸின் விற்பனை நிலையங்கள் பெருந்தெருக்களில் இருக்கின்றன. கொடுங்கையூரிலிருந்து பேருந்து ஏறிப் போய்ச் சேலை வாங்குவார்கள். சுவருக்கு ஒரு முழம் துணி வாங்கப் போகமாட்டார்கள். கட்டு அவர்கள் தெருவுக்கு வர வேண்டும். நியாயவிலைக் கடை வாயிலிலோ, மகளிர் சுய உதவிக் குழுக்களின் மூலமோ, தை பிறப்பதற்கு மூன்று வாரம் முன்னதாக, வெள்ளையடித்த சுவர் ஈரம் காயுமுன் வர வேண்டும்.

இதற்கு அரசாங்கத்தின் தனி மானியம் எதையும் எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. கிடங்கில் உள்ள குறை நீளங்களையும் பழுதுத் துணிகளையும் எண்ணி, நீளம், அகலம், நிறம், பிடித்த கூலி ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதுவதே முதல் வேலை. கார்த்திகைக்குள் அதை முடிக்கும் சங்கம் மார்கழியில் தையலைத் தொடங்கலாம்.